மேலே பார்த்து நின்றவள்

விருத்தாசலத்துப் பீங்கான் பொம்மைக் கம்பெனியில் சிந்தாமணிக்கு ஒரே வேலைதான். அச்சிலிருந்து எடுத்த, இன்னும் சுடாத பொம்மையின் விலாவில், அச்சின் இரு பாதியும் சேர்ந்த இடத்தில், ஒரு கோடு ஓடும். அதைக் கத்தியால் சுரண்டி, ஈரப் பஞ்சால் துடைக்க வேண்டும். கோடு இருந்த இடம் தெரியக் கூடாது. புருஷன் போன பிறகு அந்த வேலையில்தான் மகள் இளமதியை வளர்த்தாள்.

கல்லூரியில் மற்றப் பாடங்கள் நிரம்பிவிட, இளமதிக்குப் புவியியல்தான் கிடைத்தது. தாய்மாமன் பழமலை சிரித்தார்.

"பூகோளம் படிச்சி என்னா பண்ணப்போவுது? ஸ்ரீமுஷ்ணம் பஸ்ஸு எந்தப் பக்கம் திரும்புதுன்னு சொல்லுமா?"

எதுவானாலும் விடாமல் படி என்று சிந்தாமணி மகளிடம் சொன்னாள்.

இளமதி விடவில்லை. பட்டம் வாங்கி, செயற்கைக்கோள் படத்திலிருந்து வரைபடம் செய்வதைச் சென்னையில் கற்றாள். ஹைதராபாத்தில் வேலை கிடைத்தது. வானத்திலிருந்து எடுத்த படத்தைத் திரையில் விரித்து, கூரைகளையும் சாலைகளையும் வரைந்தெடுக்கும் வேலை. சம்பளத்தைக் கேட்ட பழமலை, தன் பையனையும் பூகோளத்திலேயே சேர்க்கலாமா என்று விசாரித்தார்.

பொங்கலுக்கு வந்தபோது லேப்டாப்பில் அம்மாவுக்கு ஊரைக் காட்டினாள். கோயில், மணிமுத்தாறு, தண்டவாளம், கடைசியாகக் கம்பெனிக் கூரை. அதன் பக்கத்தில் பொம்மைகளைக் காயவைக்கும் களம்.

"இதுல நாங்க தெரிவமா?"

அந்தப் படம் என்றோ ஒரு நாள் எடுத்தது. அந்த உயரத்தில் ஆள் புள்ளியாகக்கூடத் தெரியாது. அதைச் சொல்லியிருக்கலாம். ஆனால் அம்மா ஆபீஸ் நேரத்தில் திரும்பத் திரும்பக் கூப்பிடுவதும், எடுக்காவிட்டால் அழுவதும் இளமதிக்கு அலுத்திருந்தது.

"நல்லாத் தெரிவ. தெனமும் பாக்கறதுதான் என் வேலையே. போன் எடுக்கலன்னா கவலப்படாத, மேலேருந்து பாத்துக்கிட்டுதான் இருப்பேன்."

அதன்பிறகு பகலில் போன் வரவில்லை. வேலை முடிந்து பேசும்போதும் அம்மா சுருக்கமாக முடித்தாள். ஒருவழியாகப் புரிந்துகொண்டாள் என்று இளமதி நிம்மதியாக இருந்தாள்.

ஆடியில் ஒரு காலை மாமா கூப்பிட்டார். இளமதி ரயிலில் ஏறுவதற்குள் அம்மாவின் மூச்சு நின்றிருந்தது. நுரையீரல் பல மாதமாகவே கெட்டிருந்ததாம்.

சுடுகாட்டில் பால் தெளித்துவிட்டு வந்த அன்று கம்பெனிப் பெண்கள் வந்து உட்கார்ந்தார்கள். அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்த செல்வநாயகி, இளமதியின் கையைப் பிடித்துக்கொண்டு சொல்லிக்கொண்டே போனாள். சாப்பாட்டு மணி அடித்ததும் சிந்தாமணி அவசரமாக நாலு வாய் தின்றுவிட்டுக் களத்துக்குப் போய்விடுவாளாம். முகத்தில் ஒட்டிய மண்தூசியைக் கழுவி, முந்தானையைச் சரிசெய்து, மேலே பார்த்து நிற்பாளாம். மூட்டமாக இருந்தால் இன்றைக்குப் பொண்ணுக்குத் தெரியாதே என்று புலம்புவாளாம். மற்றவர்களும் சில நாள் கூட நின்று கேலியாகக் கையாட்டியிருக்கிறார்கள். இருமல் வந்து உடம்பு இளைத்தபோது, பொண்ணிடம் சொல்லு என்று செல்வநாயகி எவ்வளவோ கெஞ்சியிருக்கிறாள்.

"அதான் பாக்குதே, பாத்துட்டு ஒண்ணும் கேக்கலன்னா நான் நல்லாத்தான் இருக்கறன்னுதான அர்த்தம்னுட்டா." செல்வநாயகி மூக்கைச் சிந்தினாள். "தெனமும் பாத்தியேம்மா. அவ எளச்சது உன் கண்ணுல படவே இல்லியா?"

மேலேயிருந்து ஆள் தெரியாது, பொய் சொன்னேன் என்றால் போதும். ஆனால் அப்புறம் சிந்தாமணி, யாருமே பார்க்காத களத்தில் வெயிலில் நின்ற பைத்தியக்காரி ஆகிவிடுவாள். முதலில் பாவம் என்பார்கள். பிறகு சாப்பாட்டு நேரத்தில் சொல்லிச் சிரிப்பார்கள்.

"பட்டுது பெரிம்மா," என்றாள் இளமதி. "பாத்துக்கிட்டுதான் இருந்தேன்."

பிடித்திருந்த கை விலகியது. கொஞ்ச நேரத்தில் ஒவ்வொருவராக எழுந்தார்கள். சாவு வீட்டில் சொல்லிக்கொண்டு போகிற வழக்கம் இல்லை. செல்வநாயகி வாசலில் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டாள். திரும்பிப் பார்க்கவில்லை.