முதல் பீரியட்டில் தூங்குகிறவர்கள்

பாலகணேஷுக்கு வேலை கிடைத்த அன்றே அஜீசுன்னிசாவுக்கு வேலை போயிற்று. திருவொற்றியூர்ப் பக்கத்து அரசுக் கல்லூரி ஒன்றில் பன்னிரண்டு வருடமாகப் பொருளாதாரம் நடத்தியவள் அவள். பதவியின் பெயர் கௌரவ விரிவுரையாளர். கௌரவம் பெயரோடு சரி என்று அவளே சிரித்துக்கொண்டு சொல்வாள்.

காலியிடங்களில் நிரந்தர ஆசிரியர்களைப் போடச் சொல்லி எல்லோரும் போராடியபோது அவளும் வெயிலில் உட்கார்ந்து கோஷம் போட்டாள். கடைசியில் அரசாங்கம் தேர்வு வைத்தது. அவள் எழுதினாள், அவளிடம் படித்த பாலகணேஷும் எழுதினான். அவன் மட்டும் தேறினான்; அவனுக்குக் கிடைத்ததும் அதே கல்லூரிதான். நிரந்தர ஆள் வந்தால் அந்த இடத்துக் கௌரவ ஆள் விலக வேண்டும் என்பது விதி.

"இன்னா சொல்றாங்க காலேஜ்ல?" என்று கேட்டார் கணவர் பக்ருதீன். பழைய வண்ணாரப்பேட்டையில் லுங்கிக் கடை வைத்திருப்பவர்.

"வேற எங்கயாவது காலி இருந்தா அனுப்புவாங்களாம்."

"உன்னாண்ட படிச்ச புள்ளைக்குத்தானே போச்சு. வெளியாளுக்குப் போவலியே."

ஆறுதலாகத்தான் சொன்னார். அவளுக்கு அது ஆறவில்லை. அவன் அப்போது பார்த்த வேலையை விட்டுவிட்டு அண்ணாநகர் பயிற்சி மையத்தில் உட்கார்ந்து படித்த மாதங்களில், அவள் வகுப்பெடுத்துவிட்டு வந்து விடைத்தாள் திருத்திக்கொண்டிருந்தாள். அவன்மேல் குற்றம் சொல்ல முடியாததுதான் அவளுக்கு அதிக எரிச்சலாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை அவனே வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான்.

"மேம், நான் வேற ஊருக்கு மாத்திக் கேக்கட்டுமா?"

"அங்கேயும் ஒரு கௌரவம் உக்காந்திருக்கும்ப்பா. எங்க போனாலும் யாரையாவது எழுப்பிட்டுத்தான் நீ உக்காரணும். உள்ள வா, டீ குடி."

அவன் குனிந்த தலையோடு டீயை ஊதி ஊதிக் குடித்தான். கொருக்குப்பேட்டையில் அப்பாவின் மொத்த வியாபாரக் கடையில் விடியற்காலை மூட்டை இறக்கிவிட்டு, அவள் வகுப்பின் கடைசி பெஞ்சில் வந்து தூங்கியவன் இவன் என்பது அவளுக்கு நினைவு வந்தது. எரிச்சல் கொஞ்சம் இறங்கியது.

"மூணாம் வருசத்துல ஏழெட்டுப் பசங்க முதல் பீரியட்ல தூங்குவாங்க. எண்ணூர்ல கன்டெய்னர் யார்டுல நைட் ஷிஃப்ட் முடிச்சு நேரா வர்றவங்க. எழுப்பாதே."

"இப்போ ஒன்பது மணிக்குள்ள மெஷின்ல விரல் வெச்சாத்தான் அட்டெண்டன்ஸாமே, மேம். போன செமஸ்டர்ல நாலு பேருக்கு ஹால் டிக்கெட்டே வரலைன்னாங்க."

"தெரியும். நான் ரெண்டு தடவை போய்க் கேட்டேன். கௌரவம் கேக்குதுன்னு விட்டுட்டாங்க." காலி டம்ளரை அவன் கையிலிருந்து வாங்கினாள். "இத்தனை வருசத்துல என்னை ஒரு காலேஜ் கவுன்சில் மீட்டிங்குக்குக் கூப்பிட்டதில்ல. நீ நிரந்தரம். உனக்கு அங்க நாற்காலி உண்டு. நீ கேளு."

சொன்ன பிறகுதான், தான் எதற்காகக் கோஷம் போட்டோம் என்பது அவளுக்கே விளங்கியது போலிருந்தது. அவன் தலையை மட்டும் ஆட்டினான்.

அடுத்த மாதம் அவளுக்குப் பொன்னேரிக் கல்லூரியில் இடம் கிடைத்தது. அதுவும் கௌரவம்தான். காலையில் ஊரெல்லாம் சென்ட்ரல் பக்கம் நெரிந்துகொண்டு போகும்போது, அவள் எதிர்த்திசையில் கும்மிடிப்பூண்டி வண்டியில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனாள். பொன்னேரி மாணவர்களுக்கு அவள் புதியவள். அவர்களுடைய பெயர்கள் மனதில் நிற்க நாளாயிற்று.

ஒரு சாயங்காலம் தண்டையார்பேட்டை ஸ்டேஷனில் இறங்கியபோது, ஷிஃப்டுக்குப் போக நின்றிருந்த பாரி ஓடி வந்தான். தூங்குகிற கூட்டத்தில் ஒருவன்.

"மேம், விசயம் தெரியுமா? எங்க கிளாஸுக்கு மட்டும் விரல் வெக்கிற டைமு பத்து மணின்னு மாத்திட்டாங்க. பாலகணேஷ் சார் மீட்டிங்ல சண்ட போட்டாராம். ஒரு வருசம் பாப்பாங்களாம், அப்புறம்தான் முடிவாம்."

"இப்போ தூங்கறதில்லையா?"

"தூங்கிகினுதான் கீறோம் மேம். ஆனா மூஞ்சி கழுவினு வர்றோம்."

அவள் சிரித்துவிட்டாள். பன்னிரண்டு வருடம் அங்கே இருந்தும் தன்னால் ஆகாதது அவனால் ஒரே கூட்டத்தில் ஆகிவிட்டதே என்று ஒரு கணம் வலிக்கவும் செய்தது.

"எக்ஸாம் மறுபடி வருதாமே மேம். எழுதுவீங்களா?"

"எழுதுறேன்டா. வண்டியிலதான் படிச்சிட்டிருக்கேன்."

அவனுடைய வண்டி வந்தது. நெரிசலுக்குள் தோளைக் கொடுத்து ஏறி, உள்ளேயிருந்து கையைக் காட்டினான்.