கொரியன் படிக்கும் ஹரிதாஸ்

யுவனேஸ்வரியின் கொரியன் வகுப்பில் ஹரிதாஸ் என்று ஒரு மாணவர் இருக்கிறார். ஊர் ஈப்போ, ஆபீஸ் வேலை, மொழிகள் படிப்பதில் ஆர்வம். அவரே அப்படித்தான் எழுதியிருக்கிறார். அத்தனையும் பச்சைப் பொய். ஆள் உண்மையில் ஜெயா. வயது ஐம்பத்து மூன்று. கம்போங் ராஜாவுக்கு மேலே இருக்கும் தேயிலைத் தோட்டத்து நர்சரியில் கன்றுகளுக்குத் தண்ணீர் விடுகிறவள். யுவனேஸ்வரியைப் பெற்றவளும் அவள்தான்.

மகள் பூசானில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை பார்க்கிறாள். மீதி நேரத்தில், இங்கிலீஷில் எல்லோரும் அடிக்கடி சொல்லும் ஒரு வினைச்சொல்லை எடுத்துக்கொண்டு, அதைக் கொரியனில் எப்படிச் சொல்வது என்று தமிழில் பாடம் நடத்தி யூடியூபில் போடுகிறாள். ஒரு பாடம் ஏழெட்டு நிமிஷம் ஓடும். ஜெயாவுக்கு இங்கிலீஷே லைட்டு, சுவிட்ச், லீவு என்ற அளவுதான். கொரியன் படித்து எந்த ராஜ்ஜியத்தை ஆளப்போகிறாள்? அவளுக்கு வேண்டியது மகளின் முகம். முதல் மாதம் பாடம் எதுவும் அவள் காதில் ஏறவில்லை. பிள்ளைக்குக் கன்னம் ஒட்டியிருக்கிறதா, கண்ணுக்குக் கீழே கறுத்திருக்கிறதா என்றே பார்த்துக்கொண்டிருந்தாள்.

போன் போட்டுப் பேசவேண்டியதுதானே என்று யாரும் கேட்கலாம். கேட்பதற்கு என்ன, சுலபம். 2021இல் ஜெயாவின் கணவர் லிங்கேஸ்வரன் காலையில் வேலைக்குக் கிளம்பியவர் தோட்டத்து லைன் வீடுகளின் முனையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார், எழுந்திருக்கவில்லை. உலகமே கதவைச் சாத்திக்கொண்டிருந்த நேரம். கொரியாவில் இருந்த மகள் எப்படி வருவாள்? வரமுடியாது என்று தோட்டத்துக்கே தெரியும். ஜெயாவுக்கும் தெரியும். இருந்தாலும் காரியம் முடிந்த அன்றைக்குப் போனை எடுத்து, "அப்பன் மொகத்தக் கடைசியா பாக்க வராதவ எனக்கு மகளே இல்ல. நீ அங்கயே கெட" என்றாள். அந்தப் பக்கம் போன் வைக்கப்பட்டது.

ஜெயாவின் வாய் அப்படி. கோபம் வந்தால் வார்த்தை முதலில் போகும், புத்தி பின்னால் மூச்சிரைக்க ஓடிவரும். கதவுகளெல்லாம் திறந்த பிறகும் மகள் வரவில்லை. தீபாவளிக்கும் பொங்கலுக்கும் பேசுவாள். "சாப்டீங்களாம்மா?" "சாப்டேன்." "மழையா?" "மழதான்." அதற்குமேல் நடுவில் அந்த வார்த்தை வந்து உட்கார்ந்துகொள்ளும். தெரியாமல் சொல்லிவிட்டேன் கண்ணு என்று சொல்ல ஜெயா எத்தனையோ தரம் வாயைத் திறந்தாள். மழையைப் பற்றிச் சொல்லி மூடிக்கொண்டாள். வாட்ஸ்அப்பில் எதையாவது அனுப்பினால் ரெண்டு நீலக் கோடு விழும், பதில் விழாது.

அப்போதுதான் அவள் ஒன்றைக் கவனித்தாள். யூடியூபில் சந்தேகம் கேட்கிறவர்களுக்கு டீச்சர் பதில் போடுகிறாள். "அழகா கேட்டிருக்கீங்க" என்கிறாள். சிரிக்கிற பொம்மை போடுகிறாள். முன்பின் தெரியாதவனுக்கெல்லாம் கிடைக்கிறது, பெற்றவளுக்கு இல்லை. ஜெயாவுக்கு வயிறு எரிந்தது. ரெண்டு நாள் எரியவிட்டுவிட்டு, மூன்றாம் நாள் அவளும் முன்பின் தெரியாதவளாக ஆனாள். தோட்டத்து ஆபீஸில் கணக்கு எழுதும் கிராணியின் பெயர் ஹரிதாஸ். படித்தவர், நறுக்கென்று பேசுகிறவர். அந்தப் பெயரை எடுத்துக்கொண்டாள். தான் கொரியன் படிப்பது அந்தக் கிராணிக்கு இன்றுவரை தெரியாது.

முதல் கேள்வியைப் போட்ட அன்று, "நல்ல கேள்வி ஹரிதாஸ் சார்" என்று பத்தே நிமிஷத்தில் பதில் வந்தது. ஜெயா அதைப் பதினைந்து முறை படித்தாள். கேள்வி கேட்கவேண்டும் என்றால் பாடத்தைக் கேட்கவேண்டுமே. அப்படித்தான், எட்டு மாதத்தில் கொஞ்சம் கொரியன் அவளுக்கு ஒட்டிக்கொண்டது.

அதைப் பேச ஆள்தான் கிடையாது. தமிழ் பேசவே ஆளைத் தேடவேண்டியிருக்கிறது. லைனில் பதினெட்டு வீடு. தமிழ் வீடு மூன்று, அதில் ஒன்று பூட்டிக் கிடக்கிறது. மற்ற வீடுகளில் வங்காளதேசத்துப் பையன்கள். நல்ல பிள்ளைகள், எதிரே பார்த்தால் சிரிப்பார்கள், அதோடு சரி. நர்சரியில் அவளும் கன்றுகளும்தான். சில நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொன்னால் தொண்டை கரகரக்கும். காலையிலிருந்து அதைப் பயன்படுத்தவே இல்லை என்று அப்போதுதான் உறைக்கும்.

அன்றைக்குப் பாடத்துக்கு வந்த இங்கிலீஷ் வினைச்சொல் 'வேர்'. உடுத்திக்கொள்வது. கம்போங் ராஜா சடக்கில், போனுக்கு லைன் கிடைக்கும் இடமாகப் பார்த்து, ரோட்டோரம் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஜெயா பார்த்தாள். கோலா தெர்லாவிலிருந்து காய்கறி லாரிகள் உறுமிக்கொண்டு போயின.

"இங்கிலீஷ்காரங்களுக்கு எல்லாத்துக்கும் வேர்தான்" என்றாள் டீச்சர். "சட்டையும் வேர், சப்பாத்தும் வேர், கண்ணாடியும் வேர். நமக்கு அப்படியா? சேல கட்டுறோம், சட்ட போடுறோம், கண்ணாடி மாட்டுறோம், பூ வைக்கிறோம்..." அங்கே ஒரு நொடி நிறுத்தினாள். ஜெயா தலையில் பூ வைத்து நாலு வருஷம் ஆகிறது. அதுதான் பிள்ளைக்கு ஞாபகம் வந்ததா, இல்லை எச்சில் விழுங்கினாளா, தெரியவில்லை. ஜெயா அந்த இடத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள்.

கொரியனும் நம்மைப் போலத்தானாம். மேல் உடம்பிலும் இடுப்பிலும் போடுகிற துணிக்கு 'இப்தா'. காலில் போடுவதற்கு 'சின்தா'. தொப்பி, கண்ணாடிக்கு 'சுதா'. விரலில் மாட்டும் மோதிரத்துக்கு 'கிதா'. கைக்கடிகாரத்துக்கு 'சாதா'. சாதா என்றதும் ஜெயாவுக்குத் தோசைக் கடை ஞாபகம் வந்து, நடுரோட்டில் தனியாகச் சிரித்தாள்.

"இன்னிக்கி வீட்டுப்பாடம் இருக்கு" என்றாள் டீச்சர். "இப்ப நீங்க என்ன போட்டிருக்கீங்களோ அத எழுதுங்க. கற்பன வேணாம். உண்மையா எழுதுனாதான் மனசுல நிக்கும்."

ஜெயா தன்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்துக்கொண்டாள். ரப்பர் சப்பாத்து, சின்தா. கம்பளித் தொப்பி; சுதா. தமிழ் எழுத்திலேயே கொரியனை எழுதினாள். அடுத்தது ஜாக்கெட்.

லிங்கேஸ்வரனுடைய பழைய ஜாக்கெட் அது. மோட்டார் ஓட்டுகிறவர்கள் இங்கே எல்லோரும் செய்வதுபோல, நெஞ்சில் காற்று அடிக்காமல் இருக்க முன்பக்கம் பின்பக்கமாகத் திருப்பிப் போட்டிருந்தாள். மற்றவர்கள் பின்னால் அப்படியே திறந்து விட்டுவிடுவார்கள். ஜெயாவும் அப்படித்தான், இப்போதெல்லாம். முன்பு பள்ளிக்கூடம் கொண்டுபோய் விடும்போது, பின்னால் உட்கார்ந்திருக்கும் மகள் யுவனா முதுகில் நாலு பட்டனையும் ஒவ்வொன்றாகப் போட்டுவிடுவாள். பனியில் விரல் விறைத்துப்போய் ஒரு பட்டனுக்கு ஒரு நிமிஷம் ஆகும். கடைசிப் பட்டனைப் போட்டதும் முதுகில் ரெண்டு தட்டு தட்டுவாள். போகலாம் என்று அர்த்தம்.

திருப்பி என்பதற்குக் கொரியனில் என்ன என்று தேடினாள். 'கொக்குரோ'வாம். "ஜாக்கெட் கொக்குரோ இபொயோ" என்று எழுதினாள். எழுதியதோடு நிறுத்தியிருக்கலாம். உண்மையாக எழுதச் சொன்னாளே என்று, "பின்னால் பட்டன் போட ஆள் இல்லை" என்பதையும், ஆள் இல்லை என்பதற்கு அவளுக்குத் தெரிந்த "சாராம் ஒப்சொயோ"வைப் போட்டு முடித்து, அனுப்பிவிட்டாள்.

அனுப்பின பிறகுதான் பகீர் என்றது. ஈப்போவில் ஆபீஸ் வேலை பார்க்கிற ஹரிதாஸுக்கு முதுகில் யார் பட்டன் போட்டார்கள்? நாலு வருஷமாக ஒரு பதிலுக்குக் காய்ந்து, எட்டு மாதமாகத்தான் குடிக்கக் கிடைக்கிறது. திருட்டுத்தனம் தெரிந்து டீச்சர் அதையும் நிறுத்திவிட்டால்? அழிக்கலாம் என்றால் எங்கே அமுக்குவது என்று தெரியவில்லை. வேலைக்கும் நேரமாகிவிட்டது. நர்சரியில் லைன் சுத்தமாகக் கிடையாது. அன்றைக்குக் கன்றுகளுக்கு ரெண்டு தரம் தண்ணீர் விட்டாள். முதல் தரம் விட்டதே நினைவில்லை.

சாயங்கால மழை பிடிப்பதற்குள் அதே இடத்துக்கு வந்து போனைத் திறந்தாள். பதில் காலையிலேயே வந்திருந்தது. "அருமை ஹரிதாஸ் சார். எல்லாம் சரி."

அவ்வளவுதான். மாட்டிக்கொள்ளவில்லை. தப்பித்தோம் என்று மூச்சு விட்ட ஜெயாவுக்கு அந்த மூச்சிலேயே அழுகை வந்தது. பட்டனைக்கூட மறந்துபோய்விட்டதா இந்தப் பிள்ளைக்கு? அப்படியென்றால் இனி எதைச் சொல்லித்தான் அவளைக் கூப்பிடுவது?

போனை உள்ளே வைக்கப் போகும்போது வாட்ஸ்அப் மணி அடித்தது. யுவனா. தீபாவளியும் இல்லை, பொங்கலும் இல்லை.

"ம்மா. நம்ம கிராணி பேர வெச்சிகிட்டா எனக்குத் தெரியாதா? மொத வாரமே தெரியும்."

அடுத்தது வந்தது.

"மத்தவங்களுக்கு நான் எப்ப பதில் போடுறேன்னு போய்ப் பாருங்க."

போய்ப் பார்த்தாள். கேள்விகள் நாலு நாள், ஐந்து நாள் என்று அப்படியே கிடந்தன. பத்து நிமிஷத்தில் பதில் வாங்கியவர் அந்த வகுப்பில் ஹரிதாஸ் ஒருவர்தான். இத்தனை மாதமும் தன் கேள்வியை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தவளுக்கு அது கண்ணில் படவே இல்லை.

மூன்றாவது செய்தி வர நேரமாயிற்று. எழுதுகிறாள், நிறுத்துகிறாள், மறுபடி எழுதுகிறாள் என்று போன் காட்டிக்கொண்டே இருந்தது. மழை போட ஆரம்பித்துவிட்டது. ஜெயா நகரவில்லை.

"பட்டன்னு பாத்ததும் சும்மா இருக்க முடியலம்மா, அதான் சொல்லிட்டேன். ஆனா அம்மான்னு பேச வந்தா நீங்க அன்னிக்கி சொன்னதுதான் காதுல கேக்குது. இன்னும் போகல. ஹரிதாஸ் சார்கிட்டன்னா பேச முடியுது. கொஞ்ச நாளைக்கி அவராவே இருங்களேன்."

ஜெயா 'மன்னிச்சிரு கண்ணு' என்று முழுசாக எழுதினாள். நாலு வருஷத்தில் முதல்முறையாக அவள் விரல் அதை எழுதியது. எழுதியதைப் பார்த்துக்கொண்டு மழையில் நின்றாள். அது அம்மா எழுதுகிற எழுத்து. பிள்ளை இப்போது அம்மா வேண்டாம் என்கிறாள். ஒவ்வொரு எழுத்தாக அழித்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு யூடியூபைத் திறந்து, பாடத்துக்குக் கீழே எழுதினாள்.

"நன்றி டீச்சர். நாளைக்கு எந்தச் சொல்? இப்படிக்கு, ஹரிதாஸ், ஈப்போ."

பதில் உடனே வந்தது.