திறக்கக் கூடாத சட்டி

புயல் என்றால் எனக்குப் பயமே கிடையாது. பொய்தான், காற்று ஊளையிட்டால் முதலில் கட்டிலுக்கடியில் போவது நான். இன்று என் மனைவி மூன்று நாள் புயலுக்கென்று ஆக்கி வைத்த கருவாட்டுக் குழம்பின் வாசனை, என்னைச் சின்ன வயதுக் குடிசைக்கே இழுத்துக்கொண்டு போனது.

அன்றும் புயல் வரும் நேரம். நைனா, அதுதான் என் அப்பா, படகில் ஏரிக்கு மீன் பிடிக்கப் போயிருந்தார். விறகு நனையுமுன் அம்மாவும் மூன்று நாளைக்குச் சேர்த்துக் கருவாட்டுக் குழம்பு ஆக்கிவிட்டாள்.

"நைனா படகு கரையேறாம சட்டியத் தொறக்கக் கூடாதுடா," என்றுவிட்டு ஏரிக்கரைக்கு ஓடினாள். இன்னும் பள்ளிக்கூடமே போகாத மண்டையில் அது எங்கே ஏறும்? ஒரு துண்டு கருவாடு தின்றேன். ருசி விடவில்லை, கருவாடு மொத்தத்தையும் தின்றேன்.

பொழுது சாய்ந்தும் நைனா வரவில்லை. நான் தின்றதால்தான் படகு கவிழ்ந்துவிட்டது என்று சட்டி முன்னால் உட்கார்ந்து அழுதேன்.

கடைசியில் அம்மாவோடு ஈரம் சொட்டச் சொட்ட வந்த நைனா, நேரே சட்டியைத் திறந்தார்.

"இன்னாமே, வெறும் கத்திரிக்காதான் கீது?"

அந்தக் குரலைக் கேட்டதும், அடி விழும் என்று தெரிந்தும் சிரித்துவிட்டேன். அம்மா கரண்டியைத் தூக்கிக்கொண்டு...

"யோவ்! கொழம்புல ஒரு துண்டு கருவாட்டக்கூடக் காணோம், இங்க வாய்யா!"

அடுப்படியிலிருந்து மனைவி கூப்பிடுகிறாள். என் படகு கரையில் பத்திரமாக இருப்பதால்தான் சட்டியைத் திறந்தேன் என்று சொல்லிப் பார்க்கிறேன்.