நின்று வேலை பார்க்கும் மேசையும் சுவரில் ஒரு கோடும்

நின்றுகொண்டே வேலை பார்க்கும் மேசை வாங்கி இன்று ஒன்பதாவது நாள். முதல் வாரம் குதிகால் விண் விண்ணென்று தெறித்தது. பட்டனை அமுக்கி மேசையை இறக்கிவிட்டு உட்கார்ந்துவிடுவேன். இன்று காலைதான் முதல்முறையாக இரண்டு மணி நேரம் தாக்குப்பிடித்தேன்.

அந்த நேரம் பார்த்து வீட்டுக்கார அண்ணாச்சி குழாய் ஒழுகுவதைப் பார்க்க வந்தார். குற்றாலத்தில் ஆற்றை ஒட்டிய இந்த வீட்டுக்கு நான் குடிவந்து ஒரு மாதம்தான் ஆகிறது.

மேசையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

“நல்ல காரியம் பண்ணுனிய தம்பி. ஒங்களுக்கு யாரு சொன்னா?”

“டாக்டர் சொன்னாரு அண்ணாச்சி. இடுப்பு வலிக்கு.”

“இடுப்புக்கா? கம்ப்யூட்டரக் கோட்டுக்கு மேல தூக்கி வச்சிருக்கியன்னுல்லா நெனச்சேன்.”

சுவரில், மேசைக்கு நாலு விரல் கீழே, மங்கலாக ஒரு பழுப்புக் கோடு ஓடுகிறது. பெயின்ட் அடித்தவர் விட்ட குறை என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“போன தடவ ஆத்துல வெள்ளம் வந்தப்ப தண்ணி அதுவரைக்கும் வந்துட்டு. ரெண்டு தரம் பெயின்ட் அடிச்சும் போகமாட்டேங்கு.”

ஜன்னல் வழியே மலையைப் பார்த்தார். கறுத்துக் கிடந்தது.

“மேல பேயுது” என்று மட்டும் சொன்னார். குழாயைப் பார்க்காமலே போய்விட்டார்.

அதன்பிறகு நான் மேசையை இறக்கவே இல்லை. கால் வலிக்கவும் இல்லை. நிற்பது பழகிவிட்டதா என்று கேட்டவர்களுக்கு இதுதான் பதில்.

லேப்டாப் கோட்டுக்கு மேலே பத்திரமாக இருக்கிறது. நான் படுக்கும் மெத்தைதான் தரையில் கிடக்கிறது.

தென்காசியில் மாடி வீடு ஏதாவது காலியாக இருந்தால் சொல்லுங்கள்.