கரமனைப் பட்டறையில் அறுந்த பெல்ட்

கரமனைப் பாலத்தைத் தாண்டியதும் நின்றுபோன என் காரை ஒரு பட்டறைக்குத் தள்ளிக்கொண்டு வந்து நிற்கிறோம். பானெட்டுக்குள்ளிருந்து தலையை எடுக்காமலே மெக்கானிக் சொல்கிறார்: "டைமிங் பெல்ட் பொட்டிப்போச்சு சாரே. பிஸ்டன் இடிச்சு வால்வெல்லாம் வளஞ்சிருக்கும். எஞ்சின் ஹெட்டைக் கழட்டணும், கேட்டோ."

ஒரு ரப்பர் பெல்ட் அறுந்ததற்கு எஞ்சினையே பிரிப்பதா? கூட வந்திருக்கும் என் மைத்துனன் செல்வம் காதருகே குனிகிறான். "வெளியூர்க்காரன்னு பாத்து ஏமாத்துகான் அத்தான். போன மாசந்தானே நீங்க தந்த ரூவாயில நாகர்கோவில்ல நானே பக்கத்துல நின்னு பெல்ட்டை மாத்திக் கொண்டு வந்தேன்."

எனக்கும் அப்படித்தான் படுகிறது. வளைந்த வால்வுகள் எந்தப் பட்டறையிலும் கிடக்கும். எந்த வண்டியுடையதையும் எடுத்துக் காட்டி நம் தலையில் கட்டலாம். எனவே அவர் கழற்றக் கழற்ற, கையையே பார்த்துக்கொண்டு நிற்கிறேன். டீ குடித்துவிட்டு வரச் சொல்கிறார். என்னை அங்கிருந்து கிளப்பத்தான் சொல்கிறார் என்று நினைத்து, வேண்டாம் என்கிறேன்.

முதலில் பெல்ட் வெளியே வருகிறது, என் கண்ணெதிரே. முதுகு முழுக்க வெடிப்பு. பற்கள் பாதி உதிர்ந்திருக்கின்றன. மெக்கானிக் அதை என் கையில் வைக்கிறார்.

"இது மாத்தினதே இல்லல்லோ சாரே. வண்டி இறங்கினப்போ கம்பெனி போட்ட பெல்ட்டாக்கும். மாத்தியாச்சுன்னு ஆரு சொன்னது?"

திரும்பிப் பார்க்கிறேன். பக்கத்தில் செல்வம் இல்லை. எதிர்ச் சாரி டீக்கடையில், எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நிற்கிறான்.

"நீங்க ஹெட்டைக் கழட்டுங்க" என்று சொல்லிவிட்டு, பெல்ட்டோடு ரோட்டைக் கடக்கிறேன்.