சிவப்பு வரி வராத ஆறு நாள்

இதை எழுதாமல் விட்டுவிடத்தான் பார்த்தேன். பன்னிரண்டாம் வகுப்புக் கணக்குப் பரீட்சையில் இரண்டு தடவை கோட்டை விட்டதிலிருந்து நான் நாலு வரிக்கு மேல் எதையும் எழுதியதில்லை. ஆனால் என் கூட்டாளியின் கல்யாணத்துக்கு நான் ஏன் போகவில்லை என்று ஊரில் ஆளுக்கொரு கதை கட்டிவிட்டார்கள். ஒரு கதையில் எனக்கும் பொண்ணுக்கும் முன்பே பழக்கமாம். அந்தக் கதையில் நான் நல்ல உயரமாக, நல்ல பையனாக வருகிறேன். இருந்தாலும் பொய் பொய்தானே. அதனால் போனில் கட்டைவிரலால் தட்டிக்கொண்டிருக்கிறேன்.

எனக்கு வேலை கோட்டையூரில். ஒரு பெரிய வீட்டின் பின்கட்டில் ஓர் அறையை வாடகைக்கு எடுத்து, அதில் ஒரு கம்பெனி தன் சர்வர்களை வைத்திருக்கிறது. சின்னச் சின்ன ஆஸ்பத்திரிகளின் ரத்தப் பரிசோதனை முடிவுகளும் ஸ்கேன் படங்களும் அதற்குள்தான் கிடக்கின்றன. சுவர் ஒரு முழத்துக்கு மேல் தடிமன். ஜன்னல்களைப் பலகை வைத்து அடைத்துவிட்டார்கள். வெயில் உள்ளே வராது, நானும் வெளியே போக முடியாது. காலையில் உள்ளே நுழைந்தால் இருட்டிய பிறகுதான் வானத்தைப் பார்ப்பேன். அதற்குப் பிறகும் முழு விடுதலை கிடையாது. எந்த நேரம் அழைத்தாலும் பத்து நிமிடத்தில் வந்து நிற்க வேண்டும். அதனால் பைக்கில் பத்து நிமிடம் போகிற தூரத்தோடு என் உலகம் முடிந்துவிடும். காரைக்குடியில் சினிமா பார்த்தால்கூடப் பாதியிலேயே எழுந்து வருகிற மாதிரி ஓரத்து சீட்டாகத்தான் பிடிப்பேன்.

வேலை இதுதான். ஒவ்வொரு சர்வருக்குள்ளும் ஒரு குட்டிப் பலகை இருக்கிறது. சூடு ஏறினால், ஃபேன் நின்றால், கரண்ட் போய் வந்தால், மேல்மூடியை யாராவது திறந்தால், அது தன்னிடம் உள்ள சின்ன நோட்டில் ஒரு வரி எழுதிவைக்கும். ஒரு புரோகிராம் அடிக்கடி அந்த நோட்டைப் பார்த்து, புது வரி இருந்தால் லாக் என்கிற பெரிய பதிவேட்டில் சேர்க்கும். லாக்கில் சிவப்பு வரி விழுந்தால் என் போனிலும் சென்னையில் இருக்கும் மேடத்தின் போனிலும் மணி அடிக்கும். மேடம்தான் எனக்கு மேலே. முகம் பார்த்ததில்லை, குரல் மட்டும்தான்.

நாள் முழுக்க நாலு சுவருக்குள் இருப்பவன் என்ன செய்வான்? பொழுது போகாதபோது மூடியைத் திறந்து மூடுவேன். மேடத்துக்கு மணி அடிக்கும். உடனே கூப்பிடுவார்.

"தம்பி, மறுபடியும் தொறந்தீங்களா?"

"இல்ல மேடம், காத்துக்குத் தொறந்துருக்கும்."

"ஜன்னலே இல்லாத ரூம்ல என்ன காத்து?"

"அதான் மேடம் நானும் தேடிக்கிட்டு இருக்கேன். நீங்க சாப்டீகளா?"

இப்படித்தான் ஓடிக்கொண்டிருந்தது. அந்த அறையில் என்னோடு பேச ஆள் கிடைக்கும் ஒரே வழி அந்த மூடிதான். இதை மட்டும் மேடத்திடம் நான் சொன்னதில்லை.

அப்போதுதான் என் கூட்டாளி பத்திரிகையோடு வந்தான். கன்னியாஸ்திரிகள் நடத்திய பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்பிலிருந்து ஒரே பெஞ்சில் இருந்தவன். ஒக்கூர் தாண்டி, பொண்ணு ஊர் மாதா கோயிலில் காலைப் பூசையில் கல்யாணம். கோயில் பதிவேட்டில் இரண்டு பேர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், அதில் ஒன்று என்னுடையது என்றான்.

"சாமியார்கிட்ட ஒன் பேரச் சொல்லிட்டேன்டா. வராம போனீன்னா அந்த எடத்துல எங்க மாமன் கையெழுத்துப் போடுவாரு. கல்யாணப் பொண்ணையே பிடிக்கலன்னு சொன்ன ஆளு அவரு."

"ஒங்க மாமனுக்குக் கையெழுத்துப் போடத் தெரியுமாடா?"

"ஒன்னயவிட நல்லாப் போடுவாரு. ஒழுங்கா வந்து சேரு."

மேடத்திடம் ஒரு நாள் லீவு கேட்டேன்.

"சரி தம்பி. நாளையிலேர்ந்து ஏழு நாள். லாக்ல ஒரு சிவப்பு வரி வரக்கூடாது. மெஷின் நல்லா இருக்குன்னு தெரிஞ்சா ஒரு நாள் நான் இங்கேர்ந்தே பாத்துக்குறேன். எட்டாவது நாள் நீங்க போலாம்."

எட்டாவது நாள்தான் கல்யாணம். சரியென்று போனை வைத்தேன். இனி ஏழு நாள் மூடியைத் தொடக்கூடாதே என்ற ஏக்கத்தில், கணக்கு ஆரம்பிக்கும் முன் கடைசியாக ஒரு ஆட்டம் ஆடினேன். திறந்தேன், மூடினேன், கை வலிக்கிறவரைக்கும் செய்தேன். மேடம் கூப்பிடவே இல்லை. போனை ஊமையாக்கியிருப்பார். சிவப்பு வரிகளுக்கு நடுவே மஞ்சளாக ஒரு வரி வந்தது. மஞ்சளுக்கு மணி அடிக்காது. என்னவென்று படிக்காமலே எல்லாவற்றையும் பார்த்தாகிவிட்டதென்று தட்டிவிட்டேன்.

அதற்கப்புறம் அமைதி. முதல் நாள், இரண்டாம் நாள், மூன்றாம் நாள், போன் வாயே திறக்கவில்லை. நான் கையைக் கட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், ஏசிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மூடி கண்ணெதிரே இருந்தது. தொட முடியாது. நாலாம் நாள் கரண்ட் போய் ஏசி நின்று, ஜெனரேட்டர் எடுத்தது. ஐந்தாம் நாள் சட்டை தைத்து வந்துவிட்டது. இளம் நீலம்.

எனக்கு இன்னொரு கெட்ட பழக்கமும் உண்டு. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவியதும், ஈரத் துண்டை சர்வருக்குப் பின்னால் கம்பியில் தொங்கவிடுவேன். மூன்று ஃபேன் வெளியே தள்ளுகிற சூட்டுக் காற்றில் அரை மணியில் மொறுமொறுவென்று காய்ந்துவிடும். ஆறாம் நாள் போய்ப் பார்த்தால் துண்டின் ஒரு பக்கம் படபடவென்று ஆடுகிறது, மறுபக்கம் அப்படியே ஈரமாகத் தொங்குகிறது. கையை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கம் காற்றே இல்லை.

போனைப் பார்த்தேன். சிவப்பு இல்லை. திரையில் லாக்கைத் திறந்தேன். கடைசி வரி ஆறு நாளைக்கு முன் நான் மூடியை மூடியது. அதற்கப்புறம் ஒன்றுமே இல்லை. நாலாம் நாள் கரண்ட் போனதுகூட இல்லை. கோட்டையூரில் ஆறு நாள் கரண்டே போகவில்லை என்று அந்த லாக் சொல்லிக்கொண்டிருந்தது. நானும் நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். மேலே தேடி அந்த மஞ்சள் வரியைப் படித்தேன். நோட்டு நிறையப் போகிறது, துடைக்காவிட்டால் இனி எழுத இடமிருக்காது என்று போட்டிருந்தது. நிறைத்தது என் மூடிதான்.

நோட்டைத் துடைத்துவிட்டால் குட்டிப் பலகை மறுபடி எழுத ஆரம்பிக்கும். முதல் வரியே சிவப்பாகத்தான் வரும். துடைக்காமல் விட்டால் யாருக்கும் தெரியாது. இன்னும் ஒரே நாள்தான்.

துண்டை ஆடுகிற பக்கமாக நகர்த்திப் போட்டுவிட்டு உட்கார்ந்தேன். ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன், பொய் சொல்ல மாட்டேன். சூடு எவ்வளவு என்று திரையில் கேட்டுக் கேட்டுப் பார்த்தேன். ஒவ்வொரு தடவையும் ஒன்று கூடியிருந்தது. அதற்குள் எத்தனையோ பேரின் ரிப்போர்ட். கூட்டாளியின் அம்மாவுக்குப் போன மாதம் முழங்காலில் எடுத்த படமும் அதில்தான். கதவு திறந்துதான் இருந்தது. எழுந்துபோக மட்டும் முடியவில்லை.

மேடத்தைக் கூப்பிட்டேன்.

"மேடம், ஒரு ஃபேன் நின்னு போச்சு."

"லாக்ல ஒண்ணும் வரலையே."

"நோட்டு நெறஞ்சு போச்சு மேடம். நான்தான் நெறச்சேன்."

"எதை வச்சு நெறச்சீங்க?"

"மூடிய வச்சு."

"துடைங்க" என்றார். துடைத்தேன். கொஞ்ச நேரத்தில் என் போனிலும், போன் வழியாக அவர் பக்கத்திலும், ஒரே நேரத்தில் மணி அடித்தது.

"புது ஃபேன் இங்க ஸ்டாக்ல இல்ல. நாளைக்கு ராத்திரி பஸ்ல அனுப்புறேன். மாத்துற வரைக்கும் மெஷின விட்டு நகரக் கூடாது."

"மேடம், நாளன்னைக்குத்தான் கல்யாணம்."

"தெரியும் தம்பி. ரூல்ஸை விடுங்க, அத நான்தான் போட்டேன், நானே எடுத்துருவேன். ஆனா மாத்துறதுக்கு அங்க வேற யார் இருக்கா? நீங்களே சொல்லுங்க."

யோசித்துப் பார்த்தேன். யாரும் இல்லை. கோபப்படவும் ஆள் கிடைக்கவில்லை.

வீட்டிலிருந்து டேபிள் ஃபேனைத் தூக்கிவந்து சர்வருக்குப் பின்னால் வைத்தேன். பக்கத்திலேயே பாயை விரித்தேன். கூட்டாளிக்குப் போன் செய்து சொன்னேன்.

"பொட்டிக்குக் காய்ச்சல்னு கல்யாணத்துக்கு வராம இருக்கவன் நீ ஒருத்தன்தான்டா" என்றான். சிரித்தான். ஆனால் சீக்கிரம் வைத்துவிட்டான்.

கல்யாணத்தன்று பஸ் தாமதம். பார்சல் கைக்கு வரும்போது மணி பதினொன்று. ஃபேனை மாட்ட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. சுற்ற ஆரம்பித்ததும் லாக்கில் பச்சையாக ஒரு வரி விழுந்தது. அந்த நேரம் அங்கே பூசை முடிந்து, அவன் மாமன் கையெழுத்துப் போட்டிருப்பார். நீலச் சட்டை மடிப்புக் கலையாமல் வீட்டில் கிடந்தது. மூடியை மாட்டும்போது விரல் அரித்தது. ஒரு தடவை திறந்து மூடினேன். மேடம் கூப்பிட்டார்.

"சாப்டீங்களா தம்பி?" என்றார். அவராக அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை.

இவ்வளவையும் தட்டி முடித்து, முதலில் கூட்டாளிக்குத்தான் அனுப்பினேன். ஒரு நாள் முழுக்கப் பதில் இல்லை. லாக்கைப் பார்க்கிற மாதிரி போனைத் திறந்து திறந்து பார்த்தேன். இன்று காலையில்தான் வந்தது, ஒரே ஒரு வரி:

"நீ வராததுல அன்னைக்குக் கோயில்ல ஒரு சத்தமும் இல்லடா, எல்லாம் நல்லாருக்குன்னு நெனச்சுட்டாக."