கன்னிமார் கெணத்துல முள்ளு அடச்ச சாந்தா டீச்சர்

சாந்தா டீச்சர் போயிட்டாங்கன்னு போன் வந்தப்போ, அரும்பாவூர் பக்கம் எங்க காட்டுல சின்ன வெங்காயம் புடுங்கிக்கிட்டு இருந்தேன். நெஞ்சு வலியாம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போறதுக்குள்ள முடிஞ்சிருச்சாம். அழுகைக்கு முன்னாடி எனக்குக் கோவந்தான் வந்துச்சு. முருகா, இன்னும் எத்தனை கெணறு சுவரில்லாமக் கெடக்குது, இவங்கள எதுக்கு இத்தனை அவசரமா கூப்புட்ட?

பால்வாடியில அவங்ககிட்ட இருந்தவங்க, திட்டு வாங்குனவங்க, எல்லாருக்கும் அவங்க கொணம் தெரியும். ரிட்டயர் ஆகியும் வூட்டுல உக்காரல. வெங்காயம் புடுங்குற நாள்ல காட்டுக்கே வந்து நிப்பாங்க.

"ஏண்டி, புள்ளைங்கள யாரு பாத்துக்கறா?"

"எல்லாருந்தான் டீச்சர்."

"எல்லாரும் வெங்காயத்தப் பாக்கறீங்க. ஒருத்தி பேரச் சொல்லு."

சொல்ற வரைக்கும் நகர மாட்டாங்க. அந்த ஒருத்தி அன்னிக்கு வெங்காயத்தத் தொடக்கூடாது. எங்களுக்கு வேலை கெட்டுப்போவுதேன்னு எரிச்சலா வரும்.

எங்க கெணறு தரையோட தரையா இருக்கும். சுவரு கட்டுடான்னு தம்பிகிட்ட சொல்லிச் சொல்லி அலுத்துப்போயி, டீச்சரே ஆளக் கூட்டியாந்து சுத்தி கருவமுள்ளு அடச்சாங்க. தை வெள்ளி வந்துச்சு. அந்தக் கெணத்தோரந்தான் எங்க கன்னிமாரு. சாமிக்கு முன்னாடி முள்ளு கெடக்கலாமான்னு நான்தான் இழுத்துப் போட்டேன். பொங்கல் வெச்சு, வழக்கப்படி செவந்திப் பூவ அள்ளி தண்ணியில விட்டேன். அந்த வருசம் நல்ல மழை, தண்ணி கைக்கெட்டுற தூரத்துல நின்னுச்சு. முள்ள நாளைக்கி அடச்சுக்கலாம், ஏழு கன்னியும் பாத்துக்குவாங்கன்னு நெனப்பு.

தம்பி மவளுக்கு மூணு வயசு. பூவப் புடிக்க கெணத்து விளிம்புல குத்தவெச்சு கைய நீட்டிக்கிட்டு இருந்திருக்கா. பத்தடியில நாங்க அஞ்சு பேரு, பொங்கல் கொழஞ்சுபோச்சேன்னு பேசிக்கிட்டு நிக்கறோம். அப்பத்தான் வந்த டீச்சரு சத்தம் போடல. மெதுவா பின்னால போயி, பாவாடையோட வாரி எடுத்துட்டாங்க. அப்புறந்தான் கத்துனாங்க பாருங்க!

"கன்னிமாரு காப்பாத்துவாங்க, நான் இல்லைங்கல. ஆனா பூவப் போட்டுப் புள்ளையக் கூப்புட்டது நீ!"

சாமி எடத்துல செருப்போட நின்னு கத்திட்டாங்கன்னு நான் நாலு மாசம் பேசல. தப்பு பண்ணுனதும் நான், மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டதும் நான்.

போன வாரம் ஏரிக்கரையில டீச்சருக்குக் கருமாதி. மண்ணு அள்ளுன ஏரி அது. முழங்கால் தண்ணிக்கு அடுத்த அடியிலேயே ஆள் முழுவுற குழி. பெரியவங்க எல்லாம் பிண்டத்தச் சுத்தி நிக்கறாங்க, புள்ளைங்க தண்ணியோரம் கல்லு விட்டு வெளையாடுதுங்க. அந்தம்மா கருமாதியிலயே இப்படியான்னு எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. போட்டேன் ஒரு சத்தம். மந்திரம் சொன்னவரே நிறுத்திட்டாரு.

"எடம் பொருள் தெரியாதா ஒனக்கு?"ன்னு நாத்தனா கைய இழுத்தா.

"புள்ள முழுவுனா நீ எறங்குவியா?"ன்னு கேட்டுட்டு, அத்தனையையும் கரைக்கு மேல ஓட்டி, தண்ணிக்கும் அதுங்களுக்கும் நடுவுல நின்னுக்கிட்டேன். பிண்டம் கரைச்சத நான் பாக்கல, கும்புடவும் இல்ல. சாமி, சடங்குன்னு நடக்கற காரியத்துக்கு நான் முதுகக் காட்டுனது அதான் மொதத் தடவ.

டீச்சர்கிட்டேருந்து நான் எடுத்துக்கிட்டது அந்தத் திமிரு மட்டுந்தான்.